மூன்றாவது பாட்டில்

பிப்ரவரி 3

அன்புள்ள கடைக்காரருக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன். எழுத்தில் சண்டை வராது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அறை கிடைத்துவிட்டது. தையல் கடைக்கு மேலே மாடி. கீழே மிஷின் ஓடினால் என் மேஜையில் டம்ளர் நடுங்குகிறது. ஆனால் சன்னல் பெரிது, காற்று நன்றாக வருகிறது. நான் முதலில் பார்த்ததே அதைத்தான். காசநோய் வேலைக்கு வந்தவள் வேறு எதைப் பார்ப்பாள்?

நேற்று முதல் கூட்டம். இந்த ஊரில் காசநோயை ஒழிக்க ஆஸ்பத்திரி மட்டும் போதாது, எல்லாரும் கை கோர்க்க வேண்டும் என்று மில் மேலாளர், பஸ் முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவி, மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தேன். பாதி நாற்காலி காலி. மில் மேலாளர் எழுந்து, "எங்க மில்லுல யாருக்கும் அந்த வியாதி கெடையாதுங்க" என்றார். எப்படி இருக்கும்? இருமுகிறவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுகிறாரே. சங்கத் தலைவி என்னையே கேட்கிறாள்: "வியாதின்னு தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்றோம். வேற என்னம்மா பண்ணச் சொல்றே?" பஸ் முதலாளி டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டார். மருந்துக்கடைக்காரர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் உங்கள் ஆட்கள். எப்படி வளைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"ரெண்டு வருஷம் அங்க போய் என்னத்தக் கிழிக்கப்போறே?" என்று கேட்டீர்கள். கிழித்துக் காட்டுகிறேன். ஆனால் சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. உங்கள் முணுமுணுப்பு காதில் விழாமல் சாப்பாடு இறங்கவில்லை.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. இங்கே வாங்கியதில் நீங்கள் காய்ச்சும் வாசனை இல்லை. தேய்த்துவிடும் கையும் இல்லை.

உங்கள்
மாடி அறைக்காரி

பிப்ரவரி 11

அன்புள்ள கமிட்டி அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஆள் வரும்போதெல்லாம் ஒளித்து ஒளித்துப் படித்தேன். எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டார். பார்த்தால் பார்க்கட்டும். பெயர்ப்பலகைச் சண்டைக்குப் பிறகு அவரும் நானும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே தெருவில் இரண்டு மருந்துக்கடை, நடுவில் பத்தடி ரோடு, இரண்டு பக்கமும் வீம்பு.

யோசனை கேட்டாயே, சொல்கிறேன். மருந்துக்கடைக்காரனைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதே. கடையைப் போட்டுவிட்டு எவன் வருவான்? நீ கடைக்குப் போ. ரிஜிஸ்டர் எழுது, ரிப்போர்ட் கொடு என்று ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கிவிடுவான். ஒரே ஒரு காரியம் கேள். இருமல் மருந்து வாங்குகிறவருக்கு மருந்தின் பெயர் ஞாபகம் இருக்காது. காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டி, "இதே குடுங்க" என்பார். அப்படி இரண்டாவது பாட்டில் கொடுக்கும்போது அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டச் சொல். ரப்பர் பேண்டோடு பாட்டில் திரும்பி வந்தால் மூன்றாவது பாட்டில் கிடையாது. "சளிய டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஊரிலுள்ள எல்லாக் கடையும் சேர்ந்து செய்தால்தான் உண்டு. ஒரு கடை விற்றாலும் கெட்டது காரியம்.

இங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தூசியில் தொண்டை கரகரக்கிறது. எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு.

உன் தலையணையைப் பரணில் தூக்கிப் போட்டேன், கோபத்தில்தான். மறுநாளே இறக்கிவிட்டேன்.

கடைக்காரன்

ஏப்ரல் 20

அன்புள்ள கடைக்காரருக்கு,

உங்கள் மூளைக்குத் தங்கக் காப்பு போடலாம்! இந்த ஊர்க் கடைகளில் எல்லாம் இப்போது சிவப்பு ரப்பர் பேண்ட் டப்பா இருக்கிறது. முதலில் ஒரு கடைக்காரர் மட்டும், "வர்ற வியாபாரத்த விரட்டச் சொல்றீங்களா?" என்று முறுக்கிக்கொண்டார். மற்ற கடைக்காரர்களே அவரைப் பிடித்து வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

ரப்பர் பேண்டில் மாட்டிய ஒருவர் மில் ஃபிட்டர். காசநோய் என்று தெரிந்ததும் மேலாளர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நிறுத்திய வாரமே பாய்லர் மக்கர் பண்ணியது. அதைத் தொடத் தெரிந்தவர் ஃபிட்டர் ஒருவர்தான். மேலாளர் மூச்சு வாங்க என் மாடிப்படி ஏறி வந்து, "அவன் எப்பம்மா திரும்பி வருவான்?" என்று கேட்டார். "மருந்து ஆரம்பிச்சாச்சு, டாக்டர் சரின்னு சொன்னதும் வருவார். ஆனா அவர மட்டும் எடுத்தாப் பத்தாது. நீங்க அனுப்பின எல்லாரையும் எடுக்கணும்" என்றேன். ஒத்துக்கொண்டார். ஃபிட்டரின் வீட்டுச் சொந்தக்காரி நம் சங்கத் தலைவிதான். மில்லே திருப்பி எடுக்கும்போது நான் எப்படி வெளியே அனுப்புவது என்று அவளும் இறங்கி வந்தாள். பஸ் முதலாளி நோயாளிகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்றுவிட்டார். வருஷக்கணக்காகத் திறக்காமல் கிடந்த பஸ் சன்னல்களைச் சுத்தியலால் தட்டித் திறந்துவிட்டதும் அவர்தான்.

நேற்றுக் கூட்டத்தில் நாற்காலி பற்றாமல் தையல் கடை ஸ்டூலைக் கடன் வாங்கினோம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஒருமுறை வாருங்களேன். உங்கள் ஊர் பஸ்ஸும் எங்கள் ஊர் பஸ்ஸும் பாதி வழியில் ஒரே டீக்கடையில்தான் நிற்கின்றன. தூரம் அவ்வளவுதான். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள்
மாடி அறைக்காரி

ஜூன் 2

அன்புள்ளவளுக்கு,

வரத்தான் நினைத்தேன். கடையை யார் பார்ப்பது? அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் கணக்கு முடிக்கும் நேரம். நீ சிரிப்பாய், ஆனால் நிஜம்.

என் சமையலுக்கு நானே மார்க் போடக் கூடாது. பேன்ட் எல்லாம் தொளதொளவென்றாகி, தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. இந்த வயதில் இடுப்பு சிறுத்த ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்று தெருவே பொறாமைப்படுகிறது.

பஸ் டிரைவரிடம் எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூன்று பாட்டில். பழைய பாட்டிலைக் கழுவிக் காயவைத்துத்தான் ஊற்றினேன், குறை சொல்லாதே. காய்ச்சும்போது வீடெல்லாம் உன் தலை வாசனை. கொஞ்ச நேரம் அடுப்பை அணைக்காமல் நின்றேன்.

கடைக்காரன்

ஜூன் 6

எண்ணெய் வந்தது. இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

லேபிளை உரித்துவிட்டால் எனக்குத் தெரியாதா? பச்சை மூடி, நீளக் கழுத்து. விலை அதிகம் என்று நம் ஊரில் யாரும் வாங்காத இருமல் மருந்து அது. நமக்கு மட்டும் என்று உள் அலமாரியில் வைத்திருப்பீர்கள். நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் இந்த மூன்று பாட்டிலையும் காலி செய்தது யார்?

பிப்ரவரியில் தொண்டை கரகரப்பு. இப்போது பேன்ட் தொளதொளப்பு. போன் வேண்டாம், எழுது என்றது சண்டைக்குப் பயந்தா, இருமல் என் காதில் விழும் என்று பயந்தா? ஊரில் எல்லாருக்கும் மூன்றாவது பாட்டில் கிடையாது என்று சட்டம் போட்டவர் நீங்கள். உங்களுக்கு மட்டும் கடை உங்களுடையதாகப் போய்விட்டது. "போதும், டெஸ்ட் பண்ணிட்டு வா" என்று சொல்லக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்காரர் இல்லாமல் போய்விட்டார்.

இரண்டு நாளாகப் போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. கீழே மிஷின் ஓடவில்லை.

நாளைக்கே போய் சளியைக் கொடுங்கள்.

ஜூன் 13

அன்புள்ளவளுக்கு,

நீ சொன்னது எல்லாம் சரி. முதலில் சண்டைக்குத்தான் போனை வைத்தேன். அப்புறம் எழுத்து வசதியாகிப்போனது.

நம் ஊர் உன் ஊர் இல்லை. இங்கே கமிட்டி கிடையாது, திருப்பி எடுக்கும் மேலாளர் கிடையாது. மருந்துக்கடைக்காரனுக்கே காசம் என்று தெரிந்தால் என் கையால் யார் மாத்திரை வாங்குவார்கள்? எதிர்க்கடைக்காரர் வெடி வைத்துக் கொண்டாடுவார். கடை போனால் நான் யார்? உன் ஊருக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கவா?

நான் வராததும் இதனால்தான். அந்தச் சின்ன அறையில் உன் பக்கத்தில் படுத்து உனக்கும் கொடுத்துவிடுவேனோ என்று பயம். நீயும் வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். வெறும் தூசியாகக்கூட இருக்கலாம்.

இரவில் இருமும்போது உன் தலையணையை வாயில் அழுத்திக்கொள்கிறேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. உனக்கு அதைத் துவைத்துத்தான் தருவேன்.

ஜூன் 16

என் கடைக்காரருக்கு,

நான் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு டிரைவர் ஒரு காலி பாட்டில் கொடுப்பார். எண்ணெயை வேறு பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன். கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு பத்தடி ரோட்டைத் தாண்டுங்கள். எதிர்க்கடைக்காரர் முன்னால் வையுங்கள். அவருக்கும் இந்த வழக்கத்தை விளக்கி ஒரு வரி எழுதி, பாட்டிலோடு கட்டியிருக்கிறேன். உங்களுக்கு மருந்து விற்க மறுக்க ஒரு ஆள் வேண்டும். நம் ஊரில் அதற்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

நான் வந்து உங்களை இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் பின்னால் தினமும் மாத்திரை விழுங்க வேண்டியது நீங்கள். முதல் அடியும் நீங்களே வைத்தால் நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் இங்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்காருவேன். எனக்குக் கமிட்டி வேண்டாம், பெயர் வேண்டாம், நீங்கள் வேண்டும்.

உங்கள்
அவள்

ஜூன் 21

அன்புள்ளவளுக்கு,

காசநோய்தான். மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. பஸ் ஏறாதே, முதலில் இதைக் கேள்.

பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். அவர் கடையில் கூட்டம். எல்லாரும் போகும்வரை பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் ஓரமாக நின்றேன். பிறகு பாட்டிலை வைத்தேன். அவர் நீ எழுதியதைப் படித்தார், ரப்பர் பேண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க இருமல் நாலு மாசமா என் கடைக்குக் கேக்குதுய்யா. நான் கேட்டா வம்புக்கு வர்றான்னு நெனப்பீங்கன்னுதான் வாயத் தொறக்கல" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அவரே ஷட்டரை இறக்கி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கொஞ்ச நாள் கடைப் பக்கம் போகாதே என்கிறார். காலையில் எதிர்க்கடைக்காரர் கடையை அவர் தம்பி பார்க்கிறான், என் கடையை அவர் திறக்கிறார். யாராவது கேட்டால், "ஆமா, காசம்தான். மருந்து சாப்பிடுறாரு. சரியாயிடும். உங்களுக்கு என்ன வேணும்?" என்கிறாராம். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, நின்றுபோகவில்லை. தினமும் வந்து நான் மாத்திரை விழுங்குவதை நின்று பார்க்கிறார். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நீகூட இவ்வளவு சந்தேகப்பட்டதில்லை.

கடைக்காரன்

ஜூன் 25

என் கடைக்காரருக்கு,

கடிதத்தைப் படியில் நின்றே படித்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

எதிர்க்கடைக்காரருக்கு என் கும்பிடு. எப்போது வருவீர்கள்?

உங்கள்
அவள்

ஜூலை 28

அன்புள்ளவளுக்கு,

போன வாரம் டாக்டர், இனி என்னால் யாருக்கும் ஒட்டாது, கடைக்குப் போகலாம் என்றுவிட்டார். மாத்திரை இன்னும் பல மாதம் உண்டு. பேன்ட் மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. தையல்காரருக்கு இரட்டை வரும்படி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கோபிக்காதே. என்னால் வர முடியாது.

இங்கேயும் ஒரு கமிட்டி ஆரம்பித்துவிட்டோம். எதிர்க்கடைக்காரர் தலைவர், நான் செயலாளர். நம் ஊர்க் கடைகளில் ரப்பர் பேண்ட் மாட்ட ஆரம்பித்துவிட்டோம். நேற்று முதல் கூட்டம். செங்கல் சூளை முதலாளி, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, லாரி ஆபீஸ்காரர் எல்லாரையும் கூப்பிட்டோம். பாதி நாற்காலி காலி. சூளை முதலாளி, "எங்க சூளையில யாருக்கும் கெடையாது" என்றார். நான் எழுந்து, "எனக்கு இருக்குங்க" என்றேன். யாரும் எழுந்து போகவில்லை. அந்த நிமிஷத்தில் கதவுப் பக்கம் பார்த்தேன், நீ நிற்கிறாயா என்று.

ஒரு நாள் நான் இல்லாவிட்டால் சூளைக்காரர் நழுவிவிடுவார். நீ ஏன் அந்த ஊரை விட்டு வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. உனக்கு அங்கே இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, முடித்துவிட்டு வா. நான் முணுமுணுக்க மாட்டேன். முணுமுணுத்தால் கேட்க நீ இல்லையே.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கமிட்டியும் கிடையாது. முதல் பஸ்ஸில் ஏறு, நானும் ஏறுகிறேன். பாதி வழி டீக்கடை, வெளியே மரத்தடி பெஞ்சு, நல்ல காற்று. திரும்புகிற பஸ் சாயங்காலம்தான். புது எண்ணெய் காய்ச்சி, புதுப் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வா.

உன்
கடைக்காரன்