ஒரு சாண் தள்ளி

ஜூலை 4

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

நான் நலம் என்று எழுதிவிடுகிறேன். அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

என் வகுப்பு ஸ்மார்ட் போர்டு மக்கர் செய்கிறது. பேனாவை ஓரிடத்தில் வைத்தால் கோடு ஒரு சாண் தள்ளி விழுகிறது. நேற்று முக்கோணத்துக்குப் பெயர் எழுதப் போனேன். எழுத்து பக்கத்து வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "டீச்சர், பேனாவுக்கு மாறுகண்ணா?" என்று முதல் பெஞ்சு கேட்டது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பள்ளி பள்ளியாகப் போய் போர்டு மாட்டிப் பழக்கிக்கொடுக்கிறவரின் மனைவிக்கு இந்த நிலைமை. எப்படிச் சரிசெய்வது? நீங்கள் வந்தால் இரண்டு நிமிட வேலை. மாதக் கடைசியில் வருவதாகச் சொன்னீர்களே. உங்கள் நாற்காலி மேல் துவைத்த துணி மலையாகக் கிடக்கிறது. வருகிற தேதியைச் சொன்னால் மடித்து வைப்பேன்.

உங்கள் டீச்சரம்மா

ஜூலை 11

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரிய கோளாறு இல்லை, யாராவது புரொஜெக்டரை இடித்திருப்பார்கள். அமைப்புகளில் 'திரையைச் சரிசெய்' என்பதைத் தொடு. கூட்டல் குறிகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் பேனாவை வைத்து எடு. போர்டில் சாய்ந்து நிற்காதே, உன் தோளையும் பேனா என்று நினைத்துக்கொள்ளும்.

இங்கே இன்னும் சில பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. மாதக் கடைசியில் வர முடியாது. துணியை மடித்து வை, கசங்கிவிடும்.

ஊர்சுற்றி

ஜூலை 19

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். தொட்ட இடத்தில் கோடு விழுகிறது.

ஒன்று சொல்லட்டுமா? இது எனக்கு முன்பே தெரியும். கல்யாணமான புதிதில் என் கையைப் பிடித்து நீங்களே சொல்லிக்கொடுத்தது. பக்கத்து வகுப்புகளுக்கெல்லாம் நான்தான் சரிசெய்து கொடுக்கிறேன். என் போர்டை மட்டும் அப்படியே விட்டிருந்தேன். வேறு எதைக் கேட்டாலும் உங்களிடமிருந்து பதில் வருவதில்லை. போர்டைப் பற்றிக் கேட்டால் வருகிறது.

இனி போர்டுப் பேச்சு இல்லை. தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளி விட்ட பிறகும், காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் வருகிறீர்களா, இல்லை என்னை அங்கே கூப்பிட்டுக்கொள்கிறீர்களா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

உங்கள் டீச்சரம்மா

ஆகஸ்ட் 8

ஊர்சுற்றிக்கு,

உங்கள் கடிதம் வரவில்லை. இன்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், கையில் கருவிப் பெட்டியோடு.

"மேடம், உங்க போர்டு இன்னும் சரியாகலையாமே. உடனே போய்ப் பாருன்னு சார் சொன்னாரு."

நல்ல பெண். ஏணி போட்டுப் புரொஜெக்டரைத் துடைத்தாள். வயர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். நாலு மூலையிலும் கோடு போட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு மேடம். சார்கிட்ட என்ன சொல்லட்டும்?"

வகுப்பு மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது.

"புகார் எதுவும் இல்லைன்னு சொல்லிடும்மா" என்றேன்.

இனி ஆள் அனுப்ப வேண்டாம். துணியை மடித்துவிட்டேன். தேதி சொல்ல வேண்டாம்.

கணக்கு டீச்சர்