நல்லாயி தொடாத வண்டி

அன்புக்கும் வம்புக்கும் எனக்கென்று வாய்த்த ஒரே மாப்பிள்ளைக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் சாலை எப்படி? இங்கே ராசிபுரம் தாண்டினால் பழைய கதைதான். யுத்தம் முடிந்ததும் ரோடு போடுவார்கள் என்றார்கள். யுத்தம் முடிந்தது, குழி முடியவில்லை.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் பாவாயி மாசமாக இருக்கிறாள். நீங்கள் கண்ணை மூடும்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய பெண், தம்மம்பட்டியில் வாழ்க்கைப்பட்டுத் தாயாகப் போகிறாள். கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வர வேண்டும். அப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தானே எல்லாம்? இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நானேதான்.

வண்டி உங்கள் வேன்தான். சேலைக் கட்டு ஏற்றி அம்மாபேட்டைக்கும் பள்ளிபாளையத்துக்கும் நீங்கள் ஓட்டித் தேய்த்த அதே வேன். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய், ஒரு குழியில் விழுந்தால் அடுத்த குழி வரும்வரை குதித்துக்கொண்டே இருந்தது. சேலைக் கட்டுக்கு வலிக்காது. பிள்ளைத்தாய்ச்சியை அதில் எப்படி உட்கார வைப்பது? சேலத்தில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற கடையில் பிரிக்காத புது ஜோடி ஒன்று தேடிப் பிடித்தேன்.

வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கல்லை அடைகொடுத்து அடியில் படுத்தால், தொப்பை அச்சில் முட்டியது. உங்கள் உடம்பு வாகு எனக்கு ஏது? துருப்பிடித்த நட்டுகளிடம் நான் பேசிய பேச்சை எந்தப் பத்திரிகையும் போடாது. எப்படியோ பழையது இரண்டும் கழன்றன. புதியதைக் கையில் எடுத்தேன். அப்போது என் தங்கை வந்தாள்.

நீங்களும் அவளும் செய்த வேலைதானே இது. எண்ணெய் ஊற்றுவது நீங்கள், கை அடிப்பது நல்லாயி. ஷாக் அப்சார்பரின் இரும்புக் குடுவையை நிமிர்த்திப் பிடித்து, அதன் கையை அவள் மேலும் கீழும் ஆட்ட ஆட்ட, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் எண்ணெய் இறங்கும். கை இறுகிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் நீங்கள் மாட்டுவீர்கள். அதே நினைப்பில் வந்தவள், வெள்ளைச் சேலையில் கறை படுமே என்றுகூடப் பாராமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீ தள்ளி நில்லு சாமி. நல்ல காரியத்துக்குப் போற வண்டி."

சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்து எழுதியே பேர் வாங்கியவன் நான். அதையெல்லாம் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன், நீங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தவிப்பீர்கள். அந்த வாய்தான் மாப்பிள்ளை, இதையும் சொன்னது. எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சாக்குச் சொல்லலாம். பார்த்தார்கள்தான். ஆனால் அவர்கள் வாயைத் திறக்கவே இல்லையே.

நல்லாயி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "செரிங்கண்ணா" என்று உள்ளே போனாள். சண்டையாவது போட்டிருக்கலாம்.

ராகுகாலம் பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று எனக்கு வேறு அவசரம். எண்ணெயை ஊற்றினேன், மூடினேன், மாட்டினேன். கை அடிக்க வேண்டும் என்பது நினைவிலேயே இல்லை. அது என்றைக்கும் அவள் வேலை. அவளைத் தள்ளி நிறுத்தியபோது அந்த வேலையும் அவளோடு உள்ளே போய்விட்டது.

மறுநாள் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் பெண்ணழைக்கக் கிளம்பினோம். உள்ளே காற்றை வைத்துக்கொண்டு புது ஷாக் அப்சார்பர் என்ன செய்யும்? வேன் பழையபடியே குதித்தது. சம்பந்தி வீட்டில் பாத்திரங்களைத் திறந்தால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கலந்து ஒரே சோறாகியிருந்தன. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, உங்க பக்கம் இதுக்கு என்ன பேருங்க என்று கேட்டார். நான் ஏதோ ஹாஸ்யம் சொன்னேன். என் மனைவிகூடச் சிரிக்கவில்லை.

விருந்து முடிந்து பாவாயி வண்டியைச் சுற்றி வந்தாள். பின் மட்கார்டில் கையூன்றி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டாள். வண்டி ஆடிக்கொண்டே நின்றது. உங்கள் பெண் அல்லவா?

"அம்மா கை அடிக்கலீங்களா மாமா?"

"இல்ல சாமி."

"ஏனுங்க?"

தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா தொட்ட வண்டியில வாரனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நடை அப்படியே நல்லாயி.

பெண்ணழைக்கப் போன தாய்மாமன் காலிப் பாத்திரங்களோடு திரும்பினான். வந்ததும் தங்கை முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "கை அடிக்கோணும்" என்று மட்டும்தான் வந்தது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். நான் கழற்றிக் கொடுக்க அவள் அடித்தாள். "ம், மாட்டுங்கண்ணா" என்றாள். பிறகு அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போய்ப் பாவாயியை அழைத்து வந்தேன். வழியெல்லாம் குழிகள் கண்ணுக்குத்தான் தெரிந்தன.

இப்போது வீட்டில் இன்னொரு பேச்சு. பிறக்கப்போகும் பிள்ளையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரை, அந்தச் சேனையை, யார் தொட்டு வைப்பது? வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். இந்தக் குணம் ஒரு வீட்டுக்கு ஒன்று போதாதா? பேச்சு எழுந்ததுமே நல்லாயி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நான் அன்று சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பேரப்பிள்ளையின் நாக்கில் முதலில் படுவது நல்லாயியின் விரல்தான். வேறு யாராவது தடுத்தால் என் வாய் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும். அவளே தள்ளி நின்றுவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது. நின்றால், கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன் மாப்பிள்ளை, அவள் மறுபடியும் கை நீட்டும்வரை.

தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ளக் கூசும்,
உங்கள் மச்சான்