காசிமின் கொரியாக் கறி

1. இதை எழுதுபவன் மு. பஷீர் அகமது, பி.ஏ., பி.எல்.; பழவேற்காட்டில் பிறந்தவன்; வயது நாற்பத்திரண்டு; திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல்.

2. இது என் சொந்த உபயோகத்துக்கு மட்டும். எந்த வழக்கிலும் சாட்சியமாகக் கொள்ளத் தக்கதன்று.

3. 'ஹா.' என்பது என் தங்கை ஹாஜிரா. ஒரு வருஷமாக என் வீட்டில் இருப்பவள். 'கா.' என்பது அவள் கணவன் காசிம். பட்டாளத்து மருத்துவப் பிரிவில் சமையற்காரனாகக் கொரியா சென்று, இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போன மாதம் திரும்பியவன்.

10 மார்ச் 1954, புதன்

விடியலில் பனி. எட்டு மணிக்கே வெயில். கோர்ட்டில் இரண்டு வாய்தா, வேலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பேனா கசிகிறது. சட்டைப் பையில் மூன்றாவது கறை.

ஹா. முடிவாகச் சொல்லிவிட்டாள். குலா வேண்டுமாம், மனைவி கேட்டுக் கணவன் சம்மதித்துப் பிரிவது. காரணம் கேட்டேன். ஒரு பிஸ்கட் டப்பாவை என் மேசைமேல் கவிழ்த்தாள். கா. அனுப்பிய கடிதங்கள், பதினொன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: நான் நலம், நீ நலமா, இங்கே குளிர் அதிகம். கடைசிக் கடிதத்தில் குளிரும் இல்லை.

வாதத்துக்கு இடமில்லாத ஆவணம்.

மாலையில் கா. பழவேற்காட்டிலிருந்து வந்து சேர்ந்தான். முன்னறையில் தங்கல். விஷயத்தைச் சொன்னேன். மறுக்கவில்லை; கையெழுத்துப் போடுகிறேன் என்றான். ஒன்று மட்டும் கேட்டான். அங்கே தான் தின்ற ஒரு கறியை இங்கே சுட்டுக் கொடுப்பானாம், அவள் சாப்பிட வேண்டுமாம். எதற்கு என்றேன்.

"எனக்கு வாயில வர்ல மச்சான். கையில வரும்."

இப்படி ஒரு பிரதிவாதியை நான் பார்த்ததில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஹா. குரல்: "ஞாயித்துக்கெழம வரிக்கும்தான். திங்கக்கெழம கையெழுத்து."

இருவரும் எனக்கு வாய்தா கொடுத்துவிட்டார்கள். பத்திரத்தை இன்றே எழுதி முடித்தேன். குமாஸ்தா வரதன் நாளை முத்திரைத்தாளில் சுத்தப் பிரதி எடுப்பார். தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

11, வியாழன்

புழுக்கம். மின்விசிறி உள்ள ஒரே அறையில் கா. தூங்குகிறான்.

அவன் சமையல் முறையை வாய்மொழியாக விட்டுவிட எனக்கு மனமில்லை. உட்கார வைத்து எழுதினேன்.

மாட்டிறைச்சி, தொடைப் பகுதி, எலும்பு நீக்கி, மெல்லிய பட்டைகளாக: மூன்று ராத்தல்.
சோயாச் சாறு (ஒருவகை மொச்சையைப் புளிக்கவைத்து எடுக்கும் கறுப்புத் தண்ணீர், உப்பாக இருக்குமாம்).
பூண்டு. வெங்காயத் தாள். சர்க்கரை.
நல்லெண்ணெய். வறுத்த எள்.
பேரிக்காய் ஒன்று, துருவி, இறைச்சி மிருதுவாக.
ஊறும் காலம்: ஓர் இரவு முழுவதும்.
கம்பியில் கோத்துக் கரி அடுப்பில் சுடுவது.

அங்கே தின்றது யார் அறுத்த மாடு என்று குறுக்கு விசாரணை செய்தேன். தானே பிஸ்மில்லா சொல்லி அறுத்தானாம். கிராமத்தார் கூப்பிட்டார்களாம், கத்தி அவனிடம்தான் இருந்ததாம். சாராயம் கலந்ததா? அங்கே கலப்பார்கள், தான் கலக்கவிடவில்லை. நம்பத் தகுந்த சாட்சியாகவே தோன்றியது. ஆனால் யார் சமைத்தது என்ற கேள்விக்கு மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கீழே கையொப்பம் வாங்கினேன். என் மனைவி ரஹமத் அடுக்களையிலிருந்து: "கறிக்குமா பத்திரம்?"

தாளை மடித்து மற்றப் பத்திரங்களோடு வைத்தேன்.

12, வெள்ளி

ஜும்மாவுக்குத் தாமதம். செருப்பு மாறிப்போயிற்று, வலது என்னுடையது, இடது யாருடையதோ.

கா. காலை ரயிலில் மதராஸ் போய், ஒரு சீனர் கடையில் கறுப்புச் சாறு ஒரு புட்டி வாங்கி வந்தான். புட்டியில் ஒட்டிய சீட்டில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. உள்ளே இன்னது என்று தெரியாத பொருளை என் வீட்டு அடுக்களைக்குள் எப்படி அனுமதிப்பது? சொன்னேன். என் எதிரிலேயே ஒரு கரண்டி ஊற்றிக் குடித்துக் காட்டினான். முகம் சுளித்தது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். உயிரோடிருந்தான். அனுமதித்தேன்.

பேரிக்காய் கிடைக்கவில்லை, பருவமில்லையாம். ரஹமத் கொல்லையிலிருந்து ஒரு பப்பாளிக்காய் பறித்து வந்து வைத்தாள். எங்கள் வீடுகளில் முற்றின கறிக்கு அதைத்தான் போடுவது. கா. ஒப்புக்கொண்டான். பட்டியலில் 'பேரிக்காய்' அடித்து, 'பப்பாளிக்காய்' என்று மேலே எழுதி, இரு தரப்பும் சுருக்கொப்பம் இட்டோம்.

ஹா. இரண்டு நாளாகத் தன் அறையை விட்டு வரவில்லை. துணிகளை மடித்து மடித்து வைக்கிறாள். மறுபடி எடுத்து மடிக்கிறாள்.

13, சனி

கோர்ட் இல்லை. நிம்மதியும் இல்லை.

ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் கடையில் பழைய ஆரக்கம்பி ஒரு கட்டு. சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னேன், பிறகு கொதிக்கவைக்கச் சொன்னேன், பிறகு மறுபடி தேய்க்கச் சொன்னேன். கா. மூன்றும் செய்தான். வாய் திறக்கவில்லை. இவன் வாய் திறந்தால் இத்தனை கம்பி தேய்க்க வேண்டியதே இல்லை.

சவுக்குக் கரி ஒரு மூட்டை. இரும்பு வாணலி அடுப்பு ரஹமத்தின் அண்ணன் வீட்டிலிருந்து.

மாலை ஐந்துக்கு இறைச்சியைப் பிசறி மூடினார்கள். கா. தொழுகைக்குப் போயிருந்தபோது ரஹமத் வந்து நின்றாள். பப்பாளி போட்டால் அரைமணி போதும், காலையில் சுடுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளலாமா, இப்போதே துருவினதை வழித்து எடுத்துவிடட்டுமா என்றாள்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மாற்றியது ஒரு பொருளை மட்டுமே. காலம் பற்றிய ஷரத்து மாற்றப்படவில்லை. ஆகவே அது அப்படியே நிற்கிறது. அப்படித்தான் சொன்னேன். எழுதிக் கொடுத்தவன் இல்லாதபோது எழுத்தில் உள்ளதை மீறுவது முறையல்ல என்றும் சொன்னேன்.

 அவள் "சரி, உங்க இஷ்டம்" என்று போய்விட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்ன சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

14, ஞாயிறு

இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பது மணி. மேல்காற்று. மூடியைத் திறந்தால் இறைச்சி இல்லை. கூழ் இருந்தது. விரலால் எடுத்தால் விரலோடு வந்தது, கம்பியில் கோத்தால் கம்பியில் நிற்கவில்லை. ரஹமத் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி நாலு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஒரு சொல்லை மாற்றினால் அது தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா ஷரத்தையும் திருத்த வேண்டும் என்று கட்சிக்காரர்களுக்கு வாரம் ஒருமுறை சொல்கிறவன் நான்.

கா. நான்கு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் கூழை அப்பி அடுப்பின்மேல் வைத்தான். பாதி கரியில் விழுந்தது. சர்க்கரை தீய்ந்து புகை. மறுபடி அப்பினான். மறுபடி விழுந்தது. தோசைக்கல்லில் போடேன் என்றேன். தலையை ஆட்டினான், கல்லில் போட்டால் அது இது இல்லையாம்.

இந்த நேரத்தில் வரதன் திங்கட்கிழமை வழக்குக் காகிதக் கட்டை வாங்க வாசலுக்கு வந்தார். பரம்பரையாகப் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். புகை நேராக அவர் முகத்துக்கு. என்ன புகை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "காத்து திரும்பினப்புறம் வரேன் சார்" என்று குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

புகை பொறுக்காமல் ஹா. வெளியே வந்தாள். நான்கு நாளில் முதல் முறை. கா. கரியில் விழுந்த துண்டுகளை வெறும் விரலால் பொறுக்கிக்கொண்டிருந்தான். விரல் சிவந்திருந்தது. அவள் நின்று பார்த்தாள். பிறகு நான் கோடு போட்டு வைத்திருந்த கேள்வியை, என்னைவிடச் சுருக்கமாகக் கேட்டாள்.

"அங்க யார் சுட்டுக் குடுத்தா?"

நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

கா. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான். ஆஸ்பத்திரித் துணி வெளுக்க வருகிற ஒருத்தி. இரண்டு குழந்தைகள். புருஷன் சண்டையில் எங்கே போனான் என்று தெரியாது. செத்ததாகவும் சேதி இல்லை. மாடு அறுத்த அன்று அவள்தான் இதைச் செய்தாள். எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கம்பி எடுத்து ஒரு தட்டில் வைத்து மூடினாளாம், புருஷனுக்கு. பிறகும் எது சமைத்தாலும் அப்படியே. மறுநாள் அது குழந்தைகளுக்கு.

"அதப் பாத்துகினே துன்னேன். அன்னிக்கு ராவு ஒனக்கு எழுத ஒக்காந்தேன். இன்னா எழுதறதுன்னு தெரில. குளிர் அதிகம்னு எழுதனேன்."

இவன் இரண்டு வருஷத்தில் பேசியதைவிட இது நீளம் என்று நினைக்கிறேன்.

ஹா. அசையவில்லை. "அந்தப் பொம்பள புருசன் காணாமப் போனவன்," என்றாள். "நீ எங்க கீறேன்னு பட்டாளத்துக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் யாருக்குத் தட்டு மூடி வெக்கறது?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றவள். 'நீ' என்றதை இருவருமே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

  அவள் குந்தி உட்கார்ந்து, அவன் கையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டு வாயில் போட்டாள். மென்றாள். கூழுக்கு மெல்ல என்ன இருக்கிறது? நாங்கள் மூவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதத் துன்றதுக்கா கொரியா போனே?"

ரஹமத் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கா. சிரித்தானா அழுதானா, புகையில் தெரியவில்லை. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். உப்பு, தித்திப்பு, கரி. சுவை மோசமில்லை. இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அதன்பின் இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து பகல் மூன்று மணி வரை பேசினார்கள். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. பெரும்பாலும் அவள்தான் பேசினாள்.

15, திங்கள்

மேகம். தலைவலி. வயிறு சரியில்லை.

காலை ஏழு மணிக்கு ஹா. வந்து பத்திரத்தைக் கேட்டாள்.  நேற்று நடந்தது ஒன்றுமே இல்லையா? எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே கையெழுத்திட்டாள். கா.விடம் நீட்டினாள். அவனும் இட்டான், முன்பே பேசி வைத்தவன் மாதிரி.

தேதி போடப் பேனாவை எடுத்தேன். அவள் உள்ளங்கையைத் தாளின்மேல் வைத்தாள்.

"தேதி வாணாம்ண்ணே. அப்பிடியே ஒன் பொட்டில வெய்யி. நான் இவரோட பழவேக்காடு போறேன். மறுபடி ஊமையானார்னா வந்து நான் போட்டுக்கறேன்."

தேதியில்லாத பத்திரம் பத்திரமே அல்ல என்று விளக்கினேன். கணவன் தன் தலாக் உரிமையை மனைவிக்கு ஒப்படைப்பதற்குச் சட்டத்தில் தனி முறையே இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்றேன்.

"நீ எழுதுனா ஒழுங்காத்தான் இருக்கும்," என்றாள். "நேத்து கறி கூட ஒழுங்கா எழுதனதுதான்."

"கோர்ட்டில் செல்லாது, ஹாஜிரா."

"கோர்ட்டுக்குத் தெரிய வாணாம். அவருக்குத் தெரிஞ்சா போதும்."

கா. என்னைப் பார்த்து, "வைங்க மச்சான்" என்றான்.

ரஹமத்தும், நேற்று விட்டுப்போன கட்டை வாங்க வந்த வரதனும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். ஒன்பது மணிக்குப் பொன்னேரி பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அவள் முன்னால், அவன் டிரங்குப் பெட்டியோடு பின்னால். பஸ் நகரும்போதும் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிப் பெட்டியில் வைக்குமுன் தாளை மறுபடி பார்த்தேன். வரதன் தம் கையெழுத்தின் கீழே, பழக்க தோஷத்தில், இன்றைய தேதியைப் போட்டிருக்கிறார்.

ஆவணத்தில் திருத்தம் செய்வது எவ்வளவு பெரிய பிழை என்று பதினாறு வருஷமாக வாதாடி வருகிறேன். சவர பிளேடால் சுரண்டி எடுத்தேன். தாளில் ஓட்டை விழவில்லை.

(ஒப்பம்) மு. பஷீர் அகமது

பத்திரத்தின் சாட்சிகள்:
1. ரஹமத் பீவி
2. வரதன், வக்கீல் குமாஸ்தா