உயிரோடு ஒரு வாளி, வெந்தது ஒரு வாளி

டாக்டரம்மா,

இன்று காலை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அறுத்த நெல்லின் அடித்தாளைப் பிடுங்கினேன். வேரோடு கறுப்புச் சேறு கட்டியாக வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அபிராமபுரத்து வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, நெல் வேரைப் போட்டு, குனிந்து முகர்வீர்களே, அதே வாசனை. "நல்ல வேர்னா மழை வாசனை வரணும். அழுகின வேர்னா முட்டை வாசனை" என்பீர்கள். நான் தரையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் அதன்மேல்தான் விரிப்பீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்களிடம் சமையலுக்குச் சேர்ந்த புதிதில் நீங்கள் ஊசி போடுகிற டாக்டர் என்றுதான் நினைத்தேன். எங்கள் குடியிருப்பில் காய்ச்சலாகக் கிடந்த இரண்டு பேரைக் கூட்டிவந்து உங்கள் வாசலில் நிறுத்தினேன். அவர்களுக்குக் காபி கொடுத்து, "நான் நெல்லுக்குத்தான் டாக்டர், அதுவும் வேருக்கு மட்டும்" என்று அனுப்பிவைத்தீர்கள். அவர்கள் வீட்டுக்குப் போனபிறகு நீங்கள் என்னைப் பேசிய பேச்சு எனக்குத்தான் தெரியும்.

தரமணி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது நெல் வேருக்குள்ளிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தீர்கள். அது வேருக்குள்ளேயே குடியிருந்து, காற்றிலிருந்து சத்தை இழுத்துப் பயிருக்குக் கொடுக்கும், அதனால் யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்பது உங்கள் கட்சி. உங்கள் மேலதிகாரியோ, "கண்ணாடிக் குழாய்ல எல்லாம் வளரும். வெயில்ல வெச்சா செத்துப்போகும்" என்று சொல்லி, கடைசிவரை வெளியே நட்டுப்பார்க்க விடவில்லை. நீங்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. இருந்தும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "கன்னியம்மா, ஒரே ஒரு தடவை வெயில்ல நட்டுப் பாத்துடணும். அப்பறம் எது வேணா ஆகட்டும்."

உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தார், தொட்டி வைத்தால் தண்ணீர் கசியும் என்று மாடியைத் தர மறுத்தார்கள். "எங்க ஹவுசிங் போர்டு வீட்டு மாடி சும்மாத்தான் கீது, வாங்க" என்றேன். அதில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் மாடியில் நல்ல வெயில் விழுகிற பக்கம் சரோஜாவுடையது.

சரோஜா என் எதிர்வீட்டுக்காரி. தண்ணீர் லாரி வரிசையில் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தவள். அன்றோடு பேச்சு நின்றது. என் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் அழைக்கவில்லை. அழைக்காமலே வந்து, வயிறாரச் சாப்பிட்டு, பாயசம் தண்ணியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் போய் நீங்கள் என்ன பேசினீர்களோ, மறுநாள் தன் பக்கத்தைப் பெருக்கிக் கொடுத்தாள். ஆனால் தொட்டிகளைத் தானும் பார்த்துக்கொள்வேன் என்று நின்றாள்.

நாற்று நட்ட அன்று நீங்கள் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தீர்கள். இரண்டிலும் ஒரே மாதிரி கலங்கல் தண்ணீர். ஒன்றின் பிடியில் பச்சைத் துணி, மற்றதில் சிவப்புத் துணி.

"ஒண்ணுல அது உயிரோட இருக்கு. இன்னொண்ணுல அதையே வேக வெச்சுட்டேன். நாத்தோட வேரை இதுல நனைச்சு நடணும். தொட்டிலயும் அதே துணியைக் கட்டணும். எது எதுன்னு மட்டும் என்னைக் கேக்கப்படாது."

"வேக வெச்சுட்டீங்களா? பாவம்" என்றாள் சரோஜா.

எனக்கு வேறு கவலை. "எதுல வேக வெச்சீங்க?" என்றேன். நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பார்த்தீர்கள். "என் பருப்பு குக்கர்லயா!"

"கழுவிட்டேன் கன்னியம்மா."

"எது எதுன்னு சொன்னா இன்னா கொறஞ்சு போவும்?"

"சொன்னா உன் கை சும்மா இருக்காது. பிடிச்சதுக்கு ஒரு சொம்பு கூட ஊத்துவே."

"நானா? எனக்கு ஓரவஞ்சனையே கெடையாது."

"யாருக்கு, இவளுக்கா?" என்று சரோஜா சிரித்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் சொன்னதற்கு அவள் கொடுத்த முதல் பதில் அதுதான்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நான் ஊற்றும்போது அவள் சொம்பை எண்ணுவாள். அவள் ஊற்றும்போது நான் எண்ணுவேன். யூரியாவைக் கையில் எடுத்தால் இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்போம். ஒரு பிடி கூடவோ குறையவோ வழியே இல்லை. "இவ்வளவு நேர்மையா ஒரு சோதனையை நான் பாத்ததே இல்லை. தயவுபண்ணி சமாதானம் மட்டும் ஆயிடாதீங்கோ" என்று நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

பச்சைத் துணித் தொட்டிகள் கரும்பச்சையாகத் தூர் கட்டின. சிவப்பு வெளிறிப்போய் நின்றது. அந்த நேரம் பார்த்து மாநகராட்சியிலிருந்து கொசு பார்க்கிற ஆள் வந்தார்.

"இன்னா பாட்டி, மாடி மேல வயலே போட்டுக்கினு கீறீங்க! தண்ணி நிக்குது. கவுத்துடணும்."

"கவுத்துப் பாரு, அப்பால எப்படி கீழ எறங்குறேன்னு நான் பாக்குறேன்" என்றாள் சரோஜா.

அவர் பயந்துதான் போனார். "சரி, சிவப்புத் துணி கட்டினது சோப்ளாங்கியாத்தானே கீது. அத்த மட்டும் கவுத்துடலாம். நல்லத வெச்சுக்கோங்க."

"அய்யய்யோ!" நானும் அவளும் ஒரே குரலில் கத்தினோம். சோப்ளாங்கி பக்கத்தில் நிற்காவிட்டால் நல்லதை நல்லது என்று எதை வைத்துச் சொல்வது? நான் தொட்டியின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். கடைசியில், கொசுப்புழுவைத் தின்கிற கப்பி மீனை விடச் சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்குப் போன் போட்டால், நீங்கள் சந்தோஷப்படுவதை விட்டு, "மீன் கழிவும் உரம்தான். எல்லாத் தொட்டிக்கும் ஒரே கணக்கா விடுங்கோ" என்கிறீர்கள்!

கதிர் முற்றுவதற்குள் உங்களை மறுபடி அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் பார்க்காமல் போய்விடுவீர்களோ என்று தினமும் கதிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கதிர் பழுத்ததும் இரண்டு நிறத்திலும் ஒரு குத்துப் பயிரை வேரோடு பிடுங்கி, அலசி, நானும் சரோஜாவும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். என் மடியில் பச்சை, அவள் மடியில் சிவப்பு. நர்ஸ் பெண், "இதெல்லாம் உள்ள எடுத்துட்டு வரக்கூடாது" என்று மறித்தாள். "அவங்க புள்ளைங்கம்மா, ஒரு வாட்டி காட்டிட்டுப் போயிடுறோம்" என்றாள் சரோஜா. அந்த ஒரு பேச்சுக்காக அவளுடைய லாரி வரிசைக் கணக்கில் ஒரு குடம் தள்ளுபடி.

நீங்கள் கதிரைப் பார்க்கவில்லை, முதலில் வேரைத்தான் தொட்டீர்கள். பிறகு இரண்டு கதிரையும் இரண்டு கையில் வைத்துக் கனம் பார்த்தீர்கள். முகம் சின்னப் பெண் முகமாகிவிட்டது.

"பச்சைதான். உயிரோட இருந்தது பச்சைதான். வெயில்ல சாகலை, பாத்தியா!"

சரோஜா மூக்கைச் சிந்தினாள். நான் அந்த மேலதிகாரியை நல்லதாக நாலு வார்த்தை திட்டினேன். நீங்கள் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, "ஒரு தடவை வந்தா போறாது கன்னியம்மா. மறுபடியும் இப்படியே வரணும். அப்பதான் நிஜம்" என்றீர்கள். வேரை நசுக்கி ஊறவைத்தால் உள்ளே இருப்பது தண்ணீரில் இறங்கும் என்றும் சொல்லிக்கொடுத்தீர்கள். மறு வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதற்காகத்தான் இன்று பச்சைத் துணித் தொட்டியின் அடித்தாளைப் பிடுங்கியது. வேரை நசுக்கி ஊறவைத்தாயிற்று. இனி பாதியை வேகவைக்க வேண்டும், துணி கட்ட வேண்டும். யாராவது ஒருத்திக்கு எது எதென்று தெரிந்துதான் ஆகவேண்டும். தெரிந்தவள் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெகுநேரம் யோசித்தேன். பிறகு ஊறிய தண்ணீரை இரண்டு வாளியில் பிரித்து, தூக்கிக்கொண்டு போய் சரோஜா வீட்டு வாசலில் வைத்தேன். வெளியே வந்து வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெஜமாவா? எனக்கு மட்டுமா தெரியணும்?"

"உனக்கு மட்டும்தான்."

ஒன்றை அவளே வேகவைத்து ஆறவிட்டு, இரண்டுக்கும் துணி கட்டிக் கொண்டுவந்தாள். சாயங்காலம் நாற்று நட்டு முடித்தோம். இந்த முறை மஞ்சள் துணி, நீலத் துணி. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"இன்னா, கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

சரோஜாவுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கிறது, டாக்டரம்மா. உங்களைத் தவிர வேறு யாருக்காகவும் இதை நான் செய்திருக்க மாட்டேன். நெஞ்சு அரிக்கிறது. சொம்பை எடுத்து, எந்தத் தொட்டியையும் முகம் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றினேன்.