இடது கைத் தோழிக்கு ஒரு கட்டர்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது, அந்த வகையில் எல்லோரும் சௌக்கியம்தான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. போனில் கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உன்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவேன், கடைசியில் கேட்க வந்ததைக் கேட்காமலே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

போன மாதம் ஒருநாள் கூப்பிட்டு, உன் தோழி ஒருத்தி துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் போர்வை தைக்கப் பழகுகிறாள், துணி வெட்ட, உருளுகிற பிளேடு வைத்த ரோட்டரி கட்டர் எது வாங்கலாம், அடியில் விரிக்க எந்த மேட் வாங்கலாம் என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ என் தையல் வேலையைப் பற்றி வாயைத் திறந்து கேட்டதே அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். ஆரம்பிப்பவர்களுக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர் பிளேடுதான் சரி, அதைவிடப் பெரியது கைக்கு அடங்காது, சின்னது வளைவு வெட்டத்தான் ஆகும். கையை எடுத்ததும் பிளேடு தானாக உள்ளே போகிற மாதிரி வாங்கச் சொல், விரல் முக்கியம். மேட் மட்டும் மேஜை கொள்ளுமட்டும் பெரியதாக வாங்கச் சொல், சின்ன மேட்டில் துணியை நகர்த்தி நகர்த்தியே கோணலாகும். மேட்டில் அச்சடித்த கோட்டை நம்பி அளக்க வேண்டாம், ஸ்கேலை வைத்து அளக்கச் சொல். இவ்வளவும் சொன்ன பிறகு நீ மெதுவாக, "அவ இடது கைக்காரிம்மா" என்றாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பிளேடைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிற மாதிரி வாங்கினால் இடது கைக்கும் வாகாக இருக்கும், அந்த மஞ்சள் பிடி போட்டதை வாங்கு என்று பெயரெல்லாம் சொல்லி, எழுதிக்கொண்டாயா என்று வேறு கேட்டேன். உன் சித்தியும் இடது கைக்காரிதான் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் எட்டவே இல்லை. என்னைப் போல ஒரு இளிச்சவாய் உண்டா சொல்.

அதற்குப் பிறகுதான் உன் சித்திக்கு முழங்கால் வலி வந்தது. முன் அறையில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள், நான் ஸ்கேலைப் பிடிப்பேன், அவள் வெட்டுவாள், இரண்டு பேரும் தைப்போம். திடீரென்று, "படி ஏற முடியலக்கா, துணியைக் குடு, வீட்டுல கத்தரியில வெட்டித் தர்றேன்" என்றாள். பாவம் என்று கொடுத்தேன். கொடுத்தது என்ன துணி தெரியுமா? உனக்குத் தைக்கிற போர்வைக்கு எடுத்து வைத்த நீலமும் சாம்பலும். வெட்டி அனுப்பினாள். தைக்க உட்கார்ந்தால் என் துண்டோடு அவள் துண்டு சேரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நூல் குறைச்சல். ஒன்றிரண்டில் தெரியாது, ஒரு வரிசை முடிவதற்குள் மூலைக்கு மூலை விலகி நிற்கிறது. சரி, கத்தரிதானே என்று ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். கத்தரியில் வெட்டினால் வாய் மூடித் திறக்கிற இடத்தில் ஒரு நெளிவாவது இருக்கும். இது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டம். கட்டரைத் தவிர வேறெதிலும் அப்படி வராது. எங்கள் ஒரே கட்டர் என் மேஜையில் இருக்கிறது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலிக்காரி ஓடி வந்து கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்கத் துணி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கேட்டிருந்த இரட்டைக் கட்டில் போர்வை, எங்கள் இரண்டு பேரிடமும் நம் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டுவிட்டுப் போன அதேதான், அங்கே பாதி தைத்துக் கிடக்கிறது. பக்கத்தில் மஞ்சள் பிடி போட்ட கட்டர். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவளே, "பாப்பாதான்க்கா வாங்கி அனுப்புனா" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் அவளுக்கு அழுகை வேறு. "நீ ஸ்கேல் பிடிக்கிற பக்கத்துக்கு இடது கையைத் திருப்பித் திருப்பி வெட்டியே என் தோள் போச்சு, சொன்னா நீ கத்துவ" என்றாள். நான் கத்துவேனாம்! அங்கேயே கத்திவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னால் மனுஷன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரியும். என் கட்டரால் அட்டைப்பெட்டியை வெட்டிப் பிளேடை மழுக்கியபோதுகூட அவர் அப்படி ஒளிந்துகொண்டதில்லை.

அவள் தனியாகத் தொழில் செய்யட்டும், அவள் கை, அவள் விருப்பம். தங்கச்சி என்னைக் கண்டு பயந்தாள் என்றால் அதையும் விழுங்கிவிடுவேன். நீ எதற்காக என்னிடம் கேட்டாய் பாப்பா? கடைக்காரனைக் கேட்டிருக்கலாம். என் தங்கை என்னைவிட்டுப் போவதற்கு என்னையே உட்கார வைத்து, எது நல்லது, எது வாகு என்று ஆசை ஆசையாகப் பொறுக்கி எடுக்க வைத்தாயே, அதுதான் தாங்கவில்லை. அன்றைக்குப் போனை வைக்கும்போது, "நீதாம்மா இதுல கெட்டிக்காரி" என்றாய். இரண்டு நாள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். இப்போது எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. ஸ்கேலையும் நானே பிடித்து நானே வெட்டுகிறேன்.

உன் போர்வையை நிறுத்தவில்லை. அவள் வெட்டியதைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன், மனசு வரவில்லை. குறைந்த துண்டை வளர்க்க முடியாது, அதனால் என் துண்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அவள் அளவுக்கு வெட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். குளிர் தொடங்குவதற்குள் வந்துவிடும். சொன்ன நீளம் இருக்காது. காலை மடக்கிப் படுத்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் கோபம் உங்களை அண்டவே கூடாது. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காமல் செய். உன் சித்தி அந்தப் புது மேட்டை ஜன்னல் ஓரம் வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறாள், இப்படியே விட்டால் வளைந்து போகும், அப்புறம் எதற்கும் ஆகாது. எடுத்துத் தரையில் படுக்கப் போடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே. உன் தோழி யாரோ சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் கடைசியாகத் தெரிந்துகொண்ட
உன் அம்மா