தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு மெயில்

10 பிப்ரவரி 2025, திங்கள்

ஐந்தாம் வகுப்புக்கு மெயில் பாடம் ஆரம்பித்தேன். போர்டில் ஃபார்மல், இன்ஃபார்மல் என்று எழுதினதும் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

"நீங்க பயப்படுற ஆளுக்கு எழுதுனா ஃபார்மல். பயமில்லாத ஆளுக்குன்னா இன்ஃபார்மல்."

உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் உறுத்தல். நான் யாருக்கு இன்ஃபார்மலாக எழுதுவேன்? தற்காலிக டீச்சர். தலைமையாசிரியை இருமினாலே எழுந்து நிற்கிறேன்.

12 பிப்ரவரி, புதன்

என் போனிலேயே ஆளுக்கொரு மெயில் அடிக்கச் சொன்னேன். நிஜம்போல இருக்கட்டும் என்று கல்வி அலுவலக முகவரியை நானே போட்டுவைத்தேன். வாசித்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைப்பு. முபஷ்ஷிராவின் முறை வந்தபோது ஒன்றாம் வகுப்பில் யாரோ விழுந்து அழ, ஓடினேன். திரும்பி வந்தால், "அனுப்பிட்டேன் டீச்சர்" என்கிறாள். போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"ஏட்டி, யாரு அனுப்பச் சொன்னா?"

"கடைசில அனுப்புங்கறத அமுக்கணும்னு நீங்கதான சொன்னீய!"

என் மெயிலிலிருந்து போயிருக்கிறது:

"ஆபீசர் மாமா, நல்லா இருக்கீங்களா? எங்க ஸ்கூல் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் உள்ளே போனால் காவியா வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். அவள் லீவு போட்டால் நான் தண்ணியே குடிக்க மாட்டேன். இப்படிக்கு, முபஷ்ஷிரா."

"அவுகளப் போயி மாமாங்குற?"

"எனக்கு அவுக மேல பயம் இல்லியே டீச்சர்."

13 பிப்ரவரி

பதில் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்க்கிறேன்.

17 பிப்ரவரி, திங்கள்

வந்துவிட்டது. ஆபீசிலிருந்து தலைமையாசிரியை நிர்மலாதேவிக்குப் போன். என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாத்ரூம் எல்லாம் சரியா இருக்குன்னு போன மாசந்தான் எழுதிக் குடுத்திருக்கேன் சண்முகப்ரியா. பிள்ள வெளையாட்டா பொய் எழுதிட்டான்னு ஆபீசுக்கு நீ ஒரு மெயில் போடு. இல்லன்னா ஜூன்ல உனக்கு இங்கன வேல இருக்காது, பாத்துக்க."

சொல்லிவிட்டு, வெளியே யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று அவரும் ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

எழுதிவிடலாமா? ஒரே வரி. பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது — சீ, என்ன நினைப்பு இது. ஆனா வேல போயிட்டா? அய்யோ, நான் எங்கன போவேன்?

18 பிப்ரவரி

பிள்ளைகள் பாத்ரூமுக்கு இன்று நானே போனேன். டீச்சர்களுக்குத் தனியாக இருக்கிறது, பூட்டுச் சாவியோடு. இத்தனை நாள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காவியா வெளியே கதவைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீய டீச்சர், விட மாட்டேன்" என்றாள். உள்ளே ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை, எப்போது திறக்குமோ என்று.

மத்தியானம் ஆபீசுக்கு எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, பொருள், எல்லாம் முறைப்படி. "மாணவி எழுதியது உண்மை." அனுப்பு என்பதை அமுக்க அரைமணி நேரம் ஆனது.

27 பிப்ரவரி

தாழ்ப்பாள் போட்டாயிற்று. முபஷ்ஷிரா தண்ணீர்ப் பாட்டிலை மடமடவென்று காலி செய்துவிட்டுத் தனியாகப் போனாள். நிர்மலாதேவி மேடம் என்னோடு பேசுவதில்லை.

11 ஏப்ரல்

"அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பாத்தாச்சும்மா" என்றார் மேடம்.

9 ஜூன், திங்கள்

ராயகிரியில் வேலை கிடைத்தது. சங்கரன்கோவிலிலிருந்து தினம் பஸ். இதுவும் தற்காலிகம்தான். போனதும் முதல் வேலையாகப் பிள்ளைகள் பாத்ரூமைப் பார்த்தேன். கதவே இல்லை, சாக்குதான் தொங்குகிறது.

பயம்தான். ஆபீஸ் முகவரி இன்னும் போனில் இருக்கிறது. நாளைக்கு ஐந்தாம் வகுப்புக்கு மெயில் பாடம்.