ஆளு எங்க எறங்குது

அக்கா,

இன்றைக்கு ஷா ஆலத்தில் புது ஹோட்டலைக் காட்ட எங்களை வேனில் கூட்டிப் போனார்கள். ரூம் கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசம். யாரும் படுக்காத மெத்தை, பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. மற்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். நான் பாத்ரூம் குழாயைத் திறந்து மூடினேன். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

நாம் சேர்ந்து ரூம் சுத்தம் செய்த பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டலை மூடப் போகிறார்கள். வாடகை ஏறிப்போச்சாம். கார் நிறுத்த இடமில்லையாம். ஷா ஆலத்தில் ஃபேக்டரி வேலையாக வருகிறவர்கள் தங்குவார்கள், பார்க்கிங்கும் தாராளம் என்கிறார் முதலாளி. அங்கே வேலைக்கு வருவேனா மாட்டேனா என்று நாளைக்கு நான் சொல்ல வேண்டும்.

நீ இருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பேன். காலையில் கிள்ளானில் ட்ரெயின் ஏறினால், வேலைக்கு இறங்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் வரும்வரை உனக்கு வேறு பேச்சு ஏது? கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தை எல்லாம் காட்டி, "ஹோட்டலா, கோண்டோ வீடா, சொல்லுடி" என்பாய். நான் உயரத்தைப் பார்த்துச் சொல்வேன். "கட்டடத்த ஏன் பாக்குற? ஆளு எங்க எறங்குதுன்னு பாரு. பெட்டிய இழுத்துக்கிட்டு எம்புட்டு தூரம் நடப்பான்?"

ஒரு தைப்பூசத்துக்கு எல்லா ரூமும் நிறைந்து இடுப்பு ஒடிந்தது. பத்துமலைக் கோயில் வாசலிலேயே ஒரு ஹோட்டல் போட்டால் என்ன என்று கேட்டேன். "போடு. ஒரு வாரம் நெறையும். மத்த நாளு கொரங்குக்குத்தான் ரூம் குடுக்கணும்." அன்றைக்குத்தான் ஒரு ரூமில் பெட்ஷீட் சுருக்கமே இல்லாமல் இருக்க, யாரும் தங்கவில்லை என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "லூசு, விரதக்காரங்க தரையிலதான் படுப்பாங்க. விபூதி வாசம் மூக்குல ஏறலியா?" என்று என் கையைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாய்.

நீயும் ஒரு தடவை தோற்றாய். கிள்ளான் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. "சத்தியமா ஹோட்டல்தான். பந்திங் ஊருலேருந்து ஆஸ்பத்திரிக்கு வர்ற சனம் ராத்திரி எங்க தங்கும்? நமக்கும் வேலை வீட்டு வாசல்லயே" என்று அடித்துச் சொன்னாய். போர்டு மாட்டினபோது பார்த்தால் டயாலிசிஸ் சென்டர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "வந்து படுத்துட்டுப் போறதுதானே லா, ஹோட்டல் மாதிரிதான்" என்று சமாளித்தாய்.

அப்புறம் உன் கிட்னி போய், நீயே அங்கே படுக்க வேண்டியதாகிவிட்டது. லீவு நாளில் நான் பார்க்க வருவேன். ஊசி குத்தின கையை அசைக்காமல், பக்கத்துக் கட்டில்காரர்கள் எந்த ஊர் என்று விசாரித்து வைத்திருப்பாய். "பாத்தியா, அந்த அங்கிள் பந்திங்கு, இந்த ஆன்டியும் பந்திங்கு. நான் சொன்னது சரிதான்டி."

ஷா ஆலத்துக்குத் தினமும் ஹோட்டல் வேன் வருமாம்; என் மகள் அதிலேயே போகச் சொல்கிறாள். வேன் ஹைவேயில் போகும். "அந்தக் கட்டடத்த தெனமும் ட்ரெயின்லேருந்து பாக்க வேணாம்மா" என்கிறாள். பார்த்தால் அழுவேன் என்று பயப்படுகிறாள். உன் சாவு வீட்டில்கூட எனக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்குத் தெரியாது.

இன்றைக்குத் திரும்பும்போது சூப்பர்வைசர் பொண்ணு கேட்டாள், "ஆன்டி, வருவீங்கதானே?" நான் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். கார், லோரி. நடந்து போகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

"இல்லம்மா."

"நாளைக்குச் சொன்னா போதும், ஆன்டி."

"நாளைக்கும் இதுதான்."

சென்ட்ரலைச் சுற்றி இன்னும் ஹோட்டல் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பேன். என் வயசைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். நான் ட்ரெயினில்தான் போவேன், அக்கா. ஜன்னல் பக்கம் உட்காருவேன். எனக்கு என்றைக்காவது அழுகை வருமென்றால், அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதுதான் வரும்.